வட்டத்தில் நிரோஜன் கேட்ட கேள்வி

அன்புள்ள தம்பி,

உன் கலியாணத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. இந்த நேரத்தில் அப்பா எதற்காகக் கடிதம் எழுதுகிறார், தொலைபேசி இல்லையா என்று நீ யோசிப்பாய். இந்தக் கிழமை இரண்டு தரம் உனக்கு எடுத்தேன். முதல் தரம் நீ மண்டபக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தாய். இரண்டாம் தரம் நீ "சொல்லுங்கோ அப்பா" என்றதும், சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். வாசலுக்கு வாழைமரம் இரண்டு போதுமா, நான்கு வேண்டுமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கதைத்தவன், சொந்த மகனிடம் ஒரு விஷயத்தைச் சொல்லப் பயந்து வாழைமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நீ இடையில் "சரி, விடுங்கோ அப்பா" என்று சொல்ல ஏலாது.

போன மாதம் நீ கொழும்பில் இருந்து அழைப்பிதழ்ப் பட்டியலை அனுப்பினாய். எங்கள் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். கார்டைத் தபாலில் போட்டால் அழைத்ததாகாது, வாட்சப்பில் அனுப்பினால் அது அவமரியாதை. தாயும் தகப்பனும் வீட்டுக்குப் போய், மூலையில் சந்தனம் தொட்ட கார்டை இரண்டு கையாலும் கொடுத்து, குடும்பமாய் வரவேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். நானும் அம்மாவும் வெயிலில் அலைந்து ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினோம். எல்லா வீட்டிலும் தேத்தண்ணீர் குடித்ததில் எனக்குச் சீனி ஏறியிருக்கும், அதைக் கலியாணம் முடிந்து பார்ப்போம். ஆனால் பட்டியலின் நடுவில் ஒரு பெயர் இருந்தது. பாலையூற்று, நிரோஜன். உன்னைக் கேட்டேன், எந்த நிரோஜன் என்று. நீ சிரித்தாய். "என்னோட படிச்சவன்தானே அப்பா. இப்ப படகு இஞ்சின் திருத்திறானாம். அந்தச் சின்ன வயசுக் கூத்தெல்லாம் அண்டைக்கே முடிஞ்சு போச்சே." அந்தச் சிரிப்புத்தான் என்னைப் பயப்படுத்தியது. நீ பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அது முடிந்துபோனது என்று நம்புகிறாய். உன்னை அப்படி நம்பவைத்தவன் நான்.

நான் கணித வாத்தியாராக இருந்து வலயக் கல்விப் பணிமனைக்குப் போன கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். உளவளத்துணை இணைப்பாளர் என்ற பதவி நெடுநாள் வெற்றிடமாகக் கிடந்தது. பைத்தியம் பார்க்கிற வேலை என்று சொல்லி ஒருவரும் அதை எடுக்கவில்லை. எனக்குக் கணிதம் அலுத்திருந்தது, எடுத்தேன். பட்டணத்திலிருந்து நிலாவெளி வரை எந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு தனியாக இருந்து கதைக்க ஓர் அறை இருக்கிறது, எந்தப் பிள்ளை காலைச் சாப்பாடு இல்லாமல் வந்து மயங்கி விழுகிறது, எங்கே அடிபிடி நடக்கிறது என்று பார்த்துத் திரிவது என் வேலை. பிரம்பை வைத்துவிட்டு வட்டமாக இருந்து கதையுங்கள் என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குத் தீங்கு செய்தால் இருவரையும் கதிரை போட்டு வட்டத்தில் இருத்துவோம். என்ன நடந்தது, யாருக்கு எப்படி நொந்தது, அதைச் சரிப்படுத்த என்ன செய்யலாம் என்று கேட்போம். கையில் பொருள் வைத்திருப்பவர் மட்டுமே கதைக்கலாம் என்பது விதி. பொருளுக்கு நான் எங்கே போவேன், கரும்பலகை அழிக்கும் டஸ்டரைக் கொடுத்தேன். கதைத்து முடியும்வரை அதை அவர் கையில் இருந்து யாரும் வாங்கக்கூடாது. அந்த விதியை எத்தனை பள்ளிக்கூடத்தில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்!

நிரோஜனின் தாய் அவனை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தபோது அவனும் நீயும் ஒரே வகுப்பில், தரம் பத்து. அவர்கள் ஈச்சிலம்பற்றுக் கிராமத்திலிருந்து வந்து பாலையூற்றில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார்கள். தகப்பன் இல்லை. அந்த மனுஷி ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தா. பையன் வகுப்பில் கதவோரத்தில்தான் இருப்பான், கதவைச் சாத்தினால் எழுந்து ஓடுவான், ஆசிரியர்கள் அதைக் குழப்படி என்று எழுதியிருந்தார்கள். காரணத்தைத் தாய் என்னிடம் சொன்னா. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஷெல்லடிக்குப் பயந்து இரண்டு நாள் பதுங்குகுழிக்குள் கிடந்திருக்கிறார்கள். வாசல் மண் சரிந்து மூடிப்போய், ஆட்கள் வந்து தோண்டி எடுத்தார்களாம். அதற்குப் பிறகு மூடிய இடத்தில், இருட்டில் அவனுக்கு மூச்சு முட்டும். அவன் தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "சேர், இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ." நான் சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினேன். குறிப்புப் புத்தகத்தில் இரகசியம் என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் அதை அம்மாவிடம் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, பெயர் சொல்லாவிட்டால் அது இரகசியத்தை உடைத்ததாகாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். கதவோரத்தில் இருக்கிற பையன் என்றேன், ஈச்சிலம்பற்றுப் பிள்ளை என்றேன், பதுங்குகுழி என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அன்று கொஞ்சம் பெருமையும் இருந்தது. மற்ற ஆசிரியர்களுக்குப் பிடிபடாததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமை. நீ எனக்கு எதிரே இருந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். தலை நிமிரவே இல்லை. உனக்குக் காது இருக்கிறது என்பதே எனக்கு நினைவில்லை.

அடுத்த மாதம் நடந்ததை நீ மறந்திருக்க முடியாது. விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறைக்குப் பந்து எடுக்க அவனை அனுப்பிவிட்டு, நீயும் இன்னும் இரண்டு பேரும் வெளியில் கொண்டி போட்டீர்கள். ஒரு பாடவேளை முழுக்க. திறந்தபோது அவன் நிலத்தில் சுருண்டு கிடந்தான், காற்சட்டை நனைந்திருந்தது. அதிபர் எனக்குத் தொலைபேசி எடுத்து, உங்கள் மகன்தான் தலைவர் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். வேறு யாரையாவது அழையுங்கள், என் பிள்ளை சம்பந்தப்பட்ட வட்டத்தை நான் நடத்தக்கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன்னைப் பள்ளிக்கூடத்தால் விலக்கிவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். உனக்கு அது எப்படித் தெரிந்தது என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிய பயம் என்று அன்று கேட்டிருந்தால் முதலாவது என்றிருப்பேன். இன்று அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

வட்டத்தில் நீ மன்னிப்புக் கேட்டாய். நல்லாகவே கேட்டாய், அழுதாய். பிறகு டஸ்டர் நிரோஜன் கைக்குப் போனது. அவன் கனநேரம் அதை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு உன்னைப் பார்த்து, "எனக்கு அப்பிடி நடக்கும் எண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டான். நீ என்னைப் பார்த்தாய். தம்பி, அந்தப் பார்வையை நான் இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. நீ பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாய். நான் எழுந்துபோய் அவன் கையில் இருந்த டஸ்டரை வாங்கிவிட்டேன். பழையதைக் கிளற வேண்டாம், இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம் என்றேன். இருவரையும் கைகுலுக்க வைத்தேன். பணிமனைக்கு அனுப்பும் அறிக்கையோடு படம் இணைக்க வேண்டும், அதனால் கைகுலுக்கியபடியே நிற்கச் சொல்லிப் படமும் எடுத்தேன். முதல் படத்தில் அவன் கண்ணை மூடியிருந்தான், இரண்டாம் தரம் எடுத்தேன். நெல்லிரசம் கரைத்து எல்லோருக்கும் கொடுத்தோம். அந்த அறிக்கையைத்தான் பிறகு வந்த பயிற்சிகளில் நல்ல உதாரணம் என்று காட்டினார்கள். நான் முன்வரிசையில் இருந்து பார்த்தேன்.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் எனக்குப் பின்னால் இருந்துகொண்டு நீ கேட்டாய், "அப்பா, நான் சொல்லியிருக்க வேணுமோ?" உட்துறைமுக வீதியில் காற்று பலமாக அடித்தது. எனக்குக் கேட்கவில்லை என்று நீ நினைத்திருக்கலாம். கேட்டது. "விடு, முடிஞ்சு போச்சு" என்றேன். பதினைந்து வயதுப் பிள்ளை நீ, பிழையைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. உனக்குள் அன்று நல்ல குணம் ஒன்று எழுந்து நின்றது, அதன் தலையில் குட்டி இருத்தியவன் உன் தகப்பன்.

இனி எனக்குள்ள பயத்தைச் சொல்கிறேன், கோபிக்காதே. நிச்சயதார்த்தத்தன்று யாழினியின் தகப்பனைப் பற்றி எல்லோருக்கும் முன்னால் நீ ஒரு பகிடி விட்டாய். அவளுடைய முகம் விழுந்துபோனது. உன்னைத் தனியே கூப்பிட்டு, அவரை ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவள் கேட்டதை நான் கைகழுவப் போனபோது கேட்டேன். காரணத்தை நீ சொல்லவில்லை. "நான் மன்னிப்புக் கேட்டிட்டன்தானே, விடும்" என்றாய். அந்த "விடும்" என்னுடைய குரலாகவே இருந்தது. மன்னிப்பைக் கேட்டுவிட்டால் மற்றவர் வாயை மூடிவிட வேண்டும் என்று நான் உனக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளை உன்னோடு ஒரு வீட்டில் எத்தனை வருடம் வாழப்போகிறாள்! அவள் ஒரு கேள்வி கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதிலைச் சொல். மன்னிப்பெல்லாம் அதற்குப் பிறகு. பதில் வெட்கமாக இருந்தாலும் சொல். அவள் கேட்டு முடிக்கிறவரை பொறுத்திரு. வேறு புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

கார்டுக்கு வருகிறேன். அம்மாவுக்கு முழங்கால் நோ என்று சொல்லி, பாலையூற்றுக்கு நான் தனியாகப் போனேன். அவவுக்கு அன்று நோ ஒன்றும் இல்லை, நான்தான் அவவை வீட்டில் நிற்கச் சொன்னேன். நிரோஜன் வீட்டு முற்றத்தில் கூரை மட்டும் போட்ட கொட்டகை, மரச்சட்டத்தில் மாட்டிய படகு இஞ்சின்கள். என்னைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டான். கையைத் துடைத்துவிட்டு எழுந்து நின்று கார்டை இரண்டு கையாலும் வாங்கினான். உன்னைப் பற்றி மரியாதையாக விசாரித்தான். பிளேன்டீ வந்தது. எனக்குப் பயம் தெளிந்துவிட்டது, பார்த்தாயா, எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்தேன். சும்மா கதைக்க வேண்டுமே என்று, அம்மா எப்படி இருக்கிறா என்று கேட்டேன்.

"தெரியேல்ல சேர். நான் அவவோட கதைக்கிறேல்ல. பள்ளிக்கூடத்தில அந்தப் பிரச்சினை நடந்த நாள் தொடக்கம்" என்றான். தாய் கொஞ்ச நாள் கெஞ்சிப் பார்த்துவிட்டு, அவனைத் தன் தமக்கையின் வீட்டில் விட்டுவிட்டு ஈச்சிலம்பற்றுக்கே திரும்பிப் போய்விட்டாவாம். நான் ஏன் என்று கேட்டிருக்கக்கூடாது, கேட்டுவிட்டேன். அவன் ஓர் இஞ்சினைத் தட்டிக்கொண்டே சொன்னான். "அந்த விசயம் மூண்டு பேருக்குத்தான் தெரியும் சேர். எனக்கு, அம்மாவுக்கு, உங்களுக்கு. நீங்கள் சொல்லியிருக்க மாட்டீங்கள். அவதான் வேலைத்தலத்தில ஆருக்கோ சொல்லி, அது பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்க வேணும்." என் கையில் தேத்தண்ணீர் இருந்தது. அதைக் குடித்து முடித்தேன். கலியாணத்துக்குக் கட்டாயம் வா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தம்பி, குடித்து முடித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஐந்து நாள் நான் மனிதனாக இல்லை. சொன்னால் உன் கலியாணத்தில் குழப்பம் வரும் என்று பயந்தேன். பணிமனையில் எனக்குப் பிறகு என் பதவிக்கு வந்த பிள்ளை, அடுத்த மாதப் பயிற்சிக்கு வந்து இரகசியம் பேணுவது பற்றிக் கதைக்கச் சொல்லியிருக்கிறாள், அவளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். எந்த நிமிடமும் நிரோஜனுக்கே யோசனை ஓடி, மூன்று பேரில் மூன்றாவது ஆள் யாரென்று கண்டுபிடித்துவிடுவானோ என்று வாசல் படலைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திடுக்கிட்டேன். கடைசியில் அம்மாவிடம் சொன்னேன். அவ குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. திருவுவதை நிறுத்தவில்லை. "அண்டைக்கு மேசையில நீங்கள் கதைக்கேக்க நானும் வாய் பாத்துக்கொண்டுதானே இருந்தனான்" என்றா. பிறகு, "ஒரு தாயை இத்தினை வருசம் தண்டிச்சிருக்கிறம். நீங்கள் போறீங்களோ, நான் போகட்டோ?" என்று கேட்டா.

நேற்றுப் போனேன். அவன் ஒரு இஞ்சினின் அடியில் குனிந்து மறையாணி ஒன்றை இறுக்கிக்கொண்டிருந்தான். நான் கதிரையில் இருக்கவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். "நிரோஜன், உன்ர அம்மா அதை ஒருத்தருக்கும் சொல்லேல்ல. நான்தான் சொன்னனான். என்ர வீட்டில, சாப்பாட்டு மேசையில. மகன் கேட்டுக்கொண்டிருந்தவன்." அவன் நிமிரவில்லை. அதே மறையைத் திரும்பத் திரும்ப இறுக்கினான். அது எப்போதோ இறுகிவிட்டிருந்தது. அடிப்பானோ என்று நினைத்தேன், அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு கேட்டான், வட்டத்தில் டஸ்டரை வாங்கியபோது உங்களுக்கு இது தெரியுமோ என்று. ஓம் என்றேன். உன்னைப் பற்றியும் கேட்டான், அவனுக்கு இது நினைவிருக்குமோ என்று. அவன் அன்றே சொல்ல வெளிக்கிட்டவன், நான்தான் விடச் சொன்னேன் என்றேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் எடுக்கவில்லை. அது வாயில் வந்து வந்து நின்றது, விழுங்கிவிட்டேன். அவனும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அவன் எழுந்துபோய்க் குழாயடியில் கனநேரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினான். கையைத் துடைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தான். விரலால் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தான். பிறகு என்னிடம் திரும்பினான். "அம்மான்ர நம்பர் என்னட்ட இல்லை சேர்."

நான் தேடி எடுத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினான். "நீங்கள் வந்து அவவுக்கு முன்னால சொல்லுங்கோ. நான் வெளியில நிண்டு கேக்கிறன்." போவதற்கு முன் அந்த மனுஷிக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவன் தன் மேல் பழி போட்டதை அவ எப்படி எடுத்துக்கொண்டா, மறுத்தாவா, சண்டை பிடித்தாவா என்று கேட்டேன். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நான் அவவை ஒண்டும் கேக்கேல்ல. அவவுக்குத் தெரியுந்தானே எண்டு கதையை நிப்பாட்டினனான்" என்றான்.

நாளைக் காலை நாங்கள் இரண்டு பேரும் ஈச்சிலம்பற்றுக்குப் போகிறோம். நிரோஜன் உன் கலியாணத்துக்கு வருவானா என்று தெரியாது, அவனை நீ இப்போது அழைத்துக் கதைக்காதே. என்னோடு கோபமென்றால் கோபமாகவே இரு, வந்து முகத்துக்கு நேரே கேள், பதில் சொல்கிறேன். எனக்கு நாளையை நினைத்துத்தான் பயம். மகன் ஏன் கதைப்பதில்லை என்று தெரியாமலே பன்னிரண்டு வருடம் இருந்த ஒரு தாயிடம் போய், அந்தக் காரணம் நான்தான் என்று சொல்லப்போகிறேன்.

அப்பா